ஐந்து பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் போதாதா? 1966-ல் கோத்தாரி போட்ட கணக்கு

யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்திருக்கிறீர்களா? நீங்கள் படிக்காவிட்டாலும் நண்பர்களில் ஒருவராவது படித்திருப்பார். பிரிலிம்ஸ், மெயின்ஸ், இன்டர்வியூ என்ற மூன்று படிகளும், மெயின்ஸைத் தமிழில் எழுதலாம் என்ற வாய்ப்பும் 1979-ல் வந்தவை. அதற்கு வழி சொன்ன குழுவின் தலைவர் தௌலத் சிங் கோத்தாரி. பிளஸ் டூ முடித்து மூன்று வருட டிகிரி படித்தீர்களே, அந்த 10+2+3 கணக்கும் இவர் தலைமையிலான கல்விக் குழு சொன்னதுதான். தமிழ்நாட்டில் இவர் பெயரைக் கேட்டால் பலருக்கு மும்மொழிச் சர்ச்சைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் அறிக்கையில் பேசப்படாமலே போன ஒரு யோசனை உண்டு. இன்று பள்ளி இணைப்பு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அது பாதி உருவத்தில் எட்டிப் பார்க்கிறது.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

1906-ல் உதய்பூரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். 1918-ல் நாட்டையே உலுக்கிய கொள்ளைநோய்க் காலத்தில் அப்பா இறந்துபோனார். பையனுக்கு வயது 12. படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டியது. அப்பாவின் நண்பரும், பின்னாளில் இந்தூர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்தவருமான சிரேமல் பாப்னா அவரை இந்தூருக்கு அழைத்துப் படிக்க வைத்தார். பிறகு மேவார் மகாராணா தந்த உதவித்தொகையில் அலகாபாத் பல்கலைக்கழகம். அங்கே வாத்தியார் யார் தெரியுமா? மேகநாத் சாஹா! அங்கிருந்து கேம்பிரிட்ஜ், ரூதர்ஃபோர்டின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்குள் அழுத்தம் கூடும்போது அணுக்களுக்கு என்ன ஆகிறது என்பது அவர் ஆராய்ந்த விஷயம்.

1934-ல் டெல்லி பல்கலைக்கழகத்துக்கு வந்து இயற்பியல் துறையைக் கட்டி எழுப்பினார். 1948 முதல் 1961 வரை பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர். டி.ஆர்.டி.ஓ. உருவானது அந்தக் காலத்தில்தான். அணுகுண்டு வெடித்தால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று நேருவின் விருப்பப்படி ஒரு புத்தகமும் தயாரித்தார். 1961-ல் யு.ஜி.சி. தலைவரானவர், 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நம் கதை தொடங்குவது 1964-ல்.

அந்த ஆண்டு மே மாதம் நேரு காலமானார். ஜூலையில் மத்திய அரசு கல்விக் குழுவை அமைத்தது. அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று வேலை ஆரம்பம். சென்னை மாகாணத்தில் உயர் பதவி வகித்த ஆர்.ஏ.கோபாலசுவாமி இதில் ஓர் உறுப்பினர். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன், பிரான்ஸிலிருந்தும் கல்வியாளர்கள் வந்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் மாஸ்கோக்காரரையும் அமெரிக்கரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இந்தியப் பள்ளிகளைப் பற்றிப் பேச வைத்தது சின்ன விஷயம் இல்லை. உறுப்பினர் செயலராக இருந்த ஜே.பி.நாயக்கின் உழைப்பு இல்லாவிட்டால் அந்த அறிக்கையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். நாட்டைச் சுற்றி வரவே சுமார் 100 நாட்கள். 1966 ஜூன் 29 அன்று கல்வி அமைச்சர் எம்.சி.சாக்ளாவிடம் அறிக்கை தரப்பட்டது.

போன இடமெல்லாம் குழு கண்ட பிரச்சினை ஒன்று உண்டு. பள்ளிகள் தனித்தனித் தீவுகளாகக் கிடந்தன. ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் பூட்டு. ஒரு சந்தேகம் கேட்கக்கூட ஆள் கிடையாது. ஐந்து மைல் தள்ளி ஓர் உயர்நிலைப்பள்ளி இருக்கும். அங்கே ஆய்வுக்கூடம், நூலகம், விளையாட்டு மைதானம் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தப் பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நாளைக்கு இங்கிருந்துதான் பிள்ளைகள் அங்கே போகப் போகிறார்கள்!

குழு சொன்ன தீர்வின் பெயர் ஸ்கூல் காம்ப்ளெக்ஸ். தமிழில் பள்ளி வளாகம் என்று மொழிபெயர்க்கிறார்கள். அது ஏதோ ஒரே காம்பவுண்டுக்குள் கட்டிய கட்டடம் மாதிரி தொனிக்கிறது, அர்த்தமே மாறிவிடுகிறது. பள்ளித் தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

எப்படி வேலை செய்யும்? ஒரு நடுநிலைப்பள்ளியோடு சுற்றியுள்ள தொடக்கப்பள்ளிகள் சேரும். இப்படிப்பட்ட நடுநிலைப்பள்ளிகள் சில சேர்ந்து ஓர் உயர்நிலைப்பள்ளியைச் சுற்றி நிற்கும். எந்தப் பள்ளியும் மூடப்படாது, எந்தக் குழந்தையும் இடம் மாறாது. பொருளும் ஆளும்தான் சுற்றி வரும். புத்தகப் பெட்டி ஒரு பள்ளியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போகும். புரொஜெக்டரையும், கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரு ஜெனரேட்டரையும் மையப் பள்ளிக்கு வாங்கினால் போதும், முறை வைத்து எல்லாப் பள்ளிகளும் பயன்படுத்தலாம். மையப் பள்ளியில் ஓரிரு ஆசிரியர்கள் கூடுதலாக இருப்பார்கள். சின்னப் பள்ளி ஆசிரியர் லீவு போட்டால் இவர்களில் ஒருவர் அங்கே போவார். ஆசிரியர்கள் அவ்வப்போது கூடிப் பாடம் பேசுவார்கள்.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது இல்லையா? ஆனால் குழு கேட்டதிலேயே கஷ்டமான பகுதி அதிகாரம். புதிய பாடமுறையைச் சோதித்துப் பார்ப்பது போன்ற முடிவுகளைக் கல்வித் துறை தன் கையை விட்டு இந்தத் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்றது அறிக்கை. உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் தன் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

மாட்டிக்கொண்டது இங்கேதான். ராஜஸ்தான் உள்ளிட்ட சில மாநிலங்கள் தொடங்கிப் பார்த்தன. தலைமையாசிரியருக்குக் கூடுதல் வேலை வந்தது. கூடுதல் பணமோ, முடிவெடுக்கும் உரிமையோ வரவில்லை. மேலதிகாரிக்கும் பள்ளிக்கும் நடுவில் இன்னொரு தபால்பெட்டி ஆனார், அவ்வளவுதான். 1968-ன் தேசியக் கல்விக் கொள்கை அறிக்கையிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்ற இலக்கும் அப்படி வந்ததுதான். தொகுப்புகள் மட்டும் நிழலிலேயே நின்றன. 1986 கொள்கையிலும் பெயர் வந்தது. பெரிதாக ஒன்றும் நகரவில்லை.

கோத்தாரி 1993 பிப்ரவரியில் காலமானார். அடுத்த ஆண்டு தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், பிறகு வந்த அனைவருக்கும் கல்வி இயக்கமும் வட்டார வள மையம், குறுவள மையம் என்ற அமைப்புகளைக் கொண்டுவந்தன. உங்கள் வீட்டில் அரசுப் பள்ளி டீச்சர் யாராவது இருந்தால் சி.ஆர்.சி. கூட்டத்துக்குப் போனதைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஆசிரியர்கள் ஒன்றாக உட்காரும் பகுதி அதில் நடந்தது. ஆளும் பொருளும் பகிரும் பகுதி பெரும்பாலும் பயிற்சி, படிவம், புள்ளிவிவரம் என்று சுருங்கிவிட்டது.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை இந்த யோசனையை மறுபடி கையில் எடுத்தது. 1964-66 குழு சொன்னது இது, நடைமுறைக்கு வராமல் விட்டுவிட்டோம் என்று அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. 5 முதல் 10 கிலோமீட்டர் சுற்றளவில் அங்கன்வாடி உட்பட எல்லாப் பள்ளிகளையும் ஒரு மேல்நிலைப்பள்ளியோடு சேர்க்கச் சொல்கிறது. அது காட்டும் காரணம்: 2016-17-ல் நாட்டில் 1,08,017 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன, அதில் 85,743 தொடக்கப்பள்ளிகள். கோத்தாரி குழு பார்த்த அதே பூட்டு, ஐம்பது வருடம் கழித்தும்!

தமிழ்நாடு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் நாடு முழுக்க எழும் பயம் வேறு. தொகுப்பு என்று ஆரம்பித்துக் கடைசியில் மூடல் என்று முடியுமோ என்பதுதான் அது. கோத்தாரி பிறந்த ராஜஸ்தானிலேயே 2014-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகள் வேறு பள்ளிகளோடு இணைக்கப்பட்டன. இதை மூடல் இல்லை, ஒருங்கிணைப்பு என்கிறது அரசு. ஆனால் தெருமுனைப் பள்ளி அடுத்த ஊருக்குப் போய்விட்டால் முதலில் நிற்பது பெண் பிள்ளைகளின் படிப்பு என்பதுதான் பெற்றோரின் கவலை. என் பார்வையில் அந்தக் கவலை நியாயமானது. கோத்தாரி குழுவின் கணக்கில் புத்தகம் குழந்தையைத் தேடி நடந்தது. இணைப்பில் குழந்தை புத்தகத்தைத் தேடி நடக்கிறது.

ஆகவே உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியைத் தொகுப்பில் சேர்க்கிறோம் என்று அறிவிப்பு வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். பழைய கட்டடத்தில் வகுப்பு தொடருமா? ஆசிரியர் லீவு போட்டால் மாற்று ஆள் எந்தப் பள்ளியிலிருந்து வருவார்? மையப் பள்ளித் தலைமையாசிரியர் மேலிடத்தைக் கேட்காமல் செலவு செய்ய எவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார்கள்?