கோள்களின் பொதுநெறி கண்ட கெப்ளர்

ஜெர்மனி நாட்டில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் 1571 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் யோகான்னஸ் கெப்ளர் பிறந்தார். தந்தையார் கூலிப்படை வீரர். போர்மேற் சென்றவர் ஒருகால் மீளாமலே போயினார். இளமையில் கண்ட அம்மைநோய் மைந்தரின் கண்ணொளியைக் குறைத்தது. விண்மீன்களைத் தெளிவுறக் காணமாட்டாத கண்ணினர் விண்ணின் நெறியைக் கண்டார் என்பது வியப்பன்றோ! 1577 இல் தோன்றிய வால்மீனை, மேட்டுநிலத்திற்கு அழைத்துச் சென்று அவருக்குக் காட்டியவர் அன்னையார் கத்தரீனா.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், ஞாயிறு நடுவில் நிற்க நிலவுலகமும் ஏனைக் கோள்களோடு ஒன்றாய் அதனைச் சுற்றுகின்றது என்னும் கோப்பர்நிக்கஸின் கொள்கையை அவருக்குக் கற்பித்தார். அந்நாளில் அறியப்பட்ட கோள்கள் நிலவுலகோடு ஆறே. அவை தத்தம் போக்கில் திரிவனவா? அன்றி, எல்லாவற்றிற்கும் பொதுவான நெறியொன்று உண்டா? இவ்வினா கெப்ளரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

1600 இல் அவர் பிராக் நகரில் டைக்கோ பிராஹே என்னும் வானூலாரை அடைந்தார். டைக்கோ, தொலைநோக்கி தோன்றுமுன்னரே, பல்லாண்டுகள் கோள்களை நுட்பமாக அளந்து குறித்து வைத்தவர். அடுத்த ஆண்டே அவர் மறைய, அக்குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாயின் பாதை வட்டமே எனக் கொண்டு கெப்ளர் பன்முறை கணித்தார். கணக்கிற்கும் குறிப்பிற்கும் எட்டுக் கலை வேறுபாடு நின்றது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறே கலை. எட்டுக் கலையோ முழுமதியின் அகலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு. பிறர் பொருட்படுத்தாது விட்டிருப்பர். கெப்ளரோ, டைக்கோ அத்துணைப் பிழை செய்யார் எனத் துணிந்து, பல்லாண்டு உழைப்பைத் தள்ளி மீண்டும் தொடங்கினார். கோளின் பாதை நீள்வட்டம். ஞாயிறு அதன் ஒரு குவியத்தில் உள்ளது. கோள் ஞாயிற்றை அணுகுங்கால் விரைந்தும் அகலுங்கால் மெல்லவும் செல்லும். இவ்வுண்மைகள் 1609 இல் நூலாக வெளிவந்தன.

1618 இல் மூன்றாம் நெறி புலப்பட்டது. ஒரு கோள் ஞாயிற்றைச் சுற்றும் காலத்தை ஆண்டுகளாகக் கொண்டு இருமடி பெருக்குக; நிலவுலகின் தொலைவை ஒன்றெனக் கொண்டு அக்கோளின் சராசரித் தொலைவை மும்மடி பெருக்குக. இரண்டும் ஒத்திருக்கும். வியாழனின் காலம் 11.86, தொலைவு 5.2. இருவழியும் ஏறத்தாழ 141 வருதலை மாணவர் தாமே கணித்தறிக.

இதற்கிடையே அன்னையாரைச் சூனியக்காரி என ஊரார் பழித்தனர். 1620 இல், எழுபது கடந்த அம்மூதாட்டியைச் சிறையிட்டு விலங்கும் பூட்டினர். கெப்ளர் லின்ஸ் நகரினின்றும் விரைந்து சென்று, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுத்துரைத்தார். வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அன்னையார் பொய்க்குற்றத்தை ஒப்பவில்லை. பதினான்கு திங்களுக்குப்பின் விடுதலையுற்று, மறு ஆண்டே அவர் மறைந்தார்.

பேரரசின் கணிதராய் விளங்கியும் கெப்ளருக்கு ஊதியம் ஒழுங்காக வந்ததில்லை. நிலுவைப் பணம் பெறும் பொருட்டு ரேகன்ஸ்பர்க் நகர் சென்றவர், அங்கே நோயுற்று 1630 நவம்பர் 15 இல் உயிர்நீத்தார். அவர் கண்ட நெறிக்கு ஈர்ப்பே காரணமென 1687 இல் நியூட்டன் விளக்கினார். அவர் பெயரும் அறியாத யுரேனஸ் 1781 இலும், நெப்டியூன் 1846 இலும் கண்டறியப்பட்டன. அவையும் அந்நெறியே ஒழுகக் கண்டனர். கெப்ளரின் கல்லறையோ முப்பதாண்டுப் போரில் அழிந்தது. இடமும் இன்று தெரியவில்லை.