நூலகர்க்குத் தகுதி தேடித் தந்த அரங்கநாதனார்

நூலகம் இல்லாத பல்கலைக்கழகம் நீரில்லாக் குளத்திற்கு ஒப்பாகும். அந்நீரை வயலுக்குப் பாய்ச்சும் நூலகர்க்கும் உயர்கல்வித் தகுதி வேண்டும் என நம் நாட்டில் நிலைநாட்டிய பெருமகனார் சீர்காழி இரா. அரங்கநாதனார் ஆவார்.

1892இல் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் கணிதம் கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். அன்று அவரிடம் நூலகப் பயிற்சி ஏதும் இல்லை என்பது எண்ணத்தக்கது. வாசகர் வாராத தனிமை வாட்டவே, சில நாள்களிலேயே வகுப்பறைக்கு மீள விழைந்தார். இலண்டனில் பயின்ற பின்னும் மனம் ஒப்பவில்லையெனில் பழைய பணிக்குத் திரும்பலாம் என்ற ஏற்பாட்டின்பேரில் கப்பலேறினார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் பயின்றார். பிரிட்டனின் நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டார். நூலகப் பணி வெறும் காவற்பணி அன்று, நூலையும் வாசகரையும் இணைக்கும் அறிவுப்பணி என்பது அங்கே தெளிவாயிற்று. 1925இல் தாயகம் மீண்டவர், கணித வகுப்பை நாடவில்லை.

தாம் கடல் கடந்து பெற்ற கல்வியைப் பிறர் இங்கேயே பெற வழிகண்டார். 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம், 1929இல் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அதனை ஏற்றது. 1937இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலை முதுகலைப் பட்டத்திற்கும் முனைவர் ஆய்விற்கும் உரிய துறையாக வளர்த்தார். 1957இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவிற்குத் தலைமையேற்று, நூலகர்க்கு ஆசிரியர்க்கு இணையான தகுதியும் ஊதியமும் வேண்டும் எனப் பரிந்துரைத்தார். நூலகவியல் பேராசிரியர் பதவிக்கெனத் தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஈந்தார்.

1972இல் அப்பெருமகனார் மறைந்தார். பல்கலைக்கழக நூலகராக அமர்வோர்க்கு நூலகவியல் முதுகலைப் பட்டம், பத்தாண்டுப் பட்டறிவு, முனைவர் பட்டம் ஆகியவை வேண்டும் என்று மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்துள்ளன. தகுதியின்றிப் பணியேற்ற ஒருவர், அக்குறையை மறைக்காமல், பின்வருவோர்க்கு அது நேராதபடி வாழ்நாள் முழுதும் உழைத்ததன் பயன் இது.

மாணவச் செல்வங்களே! நூலகத்தில் அமர்ந்திருப்பவர் நூல்களை எடுத்துத் தருபவர் மட்டுமல்லர். அவரும் நும் ஆசிரியரே. ஐயம் எழும்போது அவரை அணுகிக் கேளுங்கள்.