ராபர்ட் ரெக்கார்ட்

ராபர்ட் ரெக்கார்ட் (அண். 1512 – 1558) வேல்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் கணிதவியலாளரும் ஆவார். சமன்பாடுகளில் பயன்படும் சமக்குறியை (=) அறிமுகப்படுத்தியவர் இவரே. எண்கணிதம், வடிவியல், இயற்கணிதம் ஆகியவற்றைத் தொடக்கநிலை மாணவருக்கு விளங்குமாறு ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

ரெக்கார்ட் தென்மேற்கு வேல்சில் உள்ள டென்பி என்னும் துறைமுக நகரில் பிறந்தார். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் 1531 இல் இளங்கலைப் பட்டமும், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் 1545 இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1549 இல் பிரிஸ்டல் நாணயச்சாலையிலும், 1551 இல் அயர்லாந்துச் சுரங்கங்களை மேற்பார்வையிடும் பணியிலும் அமர்த்தப்பட்டார்.

கணித நூல்கள்

அக்கால ஐரோப்பாவில் கற்றோரின் மொழி இலத்தீன் ஆகும். இலத்தீன் அறியாத வணிகரும் கைவினைஞரும் தாமாகவே கற்கும் வகையில் ரெக்கார்ட் ஆங்கிலத்தில் எழுதினார்.

1543 இல் வெளியான "கலைகளின் அடித்தளம்" என்னும் எண்கணித நூல், ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் அமைந்தது. இதில் வரும் மாணவர் ஐயம் எழுப்புகிறார், தவறாகவும் கணக்கிடுகிறார். ஆசிரியர் அப்பிழையைக் கொண்டே விதியை விளக்குகிறார். இந்நூல் 17 ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது.

"அறிவுக்கான பாதை" (1551) யூக்ளிடின் முதல் நான்கு நூல்களைத் தழுவிய வடிவியல் நூலாகும். இதில் முதலில் வரைமுறைகளும் பின்னர் தேற்றங்களும் தரப்பட்டுள்ளன. முறையான நிறுவல்களுக்கு மாற்றாகப் படங்களும் எடுத்துக்காட்டுகளும் இடம்பெற்றன. இலத்தீன் கலைச்சொற்களுக்கு ஈடாக எளிய ஆங்கிலச் சொற்களையும் அவர் ஆக்கினார். தமிழில் வழங்கும் தொடுகோடு, கூர்ங்கோணம் என்பவற்றைப் போலவே அவை கேட்டவுடன் பொருள் தருவன. ஆயினும் ஆங்கிலத்தில் இலத்தீன் வழிச் சொற்களே நிலைத்தன.

சமக்குறி

1557 இல் வெளியான "அறிவின் சாணைக்கல்" ஆங்கிலத்தில் அச்சான முதல் இயற்கணித நூலாகக் கருதப்படுகிறது. சமம் என்னும் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க, இதில் ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளை ரெக்கார்ட் பயன்படுத்தினார். அவற்றைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பது அவர் கூறிய காரணம். அக்குறியுடன் அமைந்த முதல் சமன்பாடு, ஓர் எண்ணின் 14 மடங்குடன் 15 ஐக் கூட்டினால் 71 கிடைக்கும் என்பதாகும். அவ்வெண் 4. அவர் வரைந்த கோடுகள் இன்றைய குறியைவிட நீளமானவை. இக்குறி பரவலாக வழக்குக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இறுதிக்காலம்

பெம்புரோக் பிரபு வில்லியம் ஹெர்பர்ட்டுடன் ரெக்கார்டுக்கு நெடுநாள் பகை இருந்தது. ரெக்கார்ட் அவர்மீது முறைகேட்டுக் குற்றம் சுமத்தினார். பிரபு அவதூறு வழக்குத் தொடுக்க, 1557 இல் 1000 பவுண்டு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பானது. அவ்வாண்டு வெளிவந்த இயற்கணித நூலின் இறுதியில், கதவு தட்டும் ஒலி கேட்டு ஆசிரியர் பாடத்தை இடையிலேயே நிறுத்துகிறார், மாணவர் வருந்துகிறார். 1558 இல் இலண்டனின் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் ரெக்கார்ட் காலமானார். தொடர்ந்து எழுத எண்ணியிருந்த பாடங்கள் வெளிவரவில்லை.