கருவிலே சிறை கண்டவன்

நியூயார்க் நகரத்துப் பெண்கள் சிறை. ஆண்டு 1971. உள்ளே ஒரு கர்ப்பிணி; கறுப்பினத்துப் பெண். குற்றச்சாட்டோ சாமானியமானதல்ல! காவல் நிலையங்களையும் கடைகளையும் குண்டு வைத்துத் தகர்க்கச் சதி செய்தார்களாம் இருபத்தொரு பேர். அவர்களில் ஒருவர் இந்த அம்மையார், அஃபீனி ஷகூர். கருஞ்சிறுத்தைக் கட்சித் தோழர். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவில்லை. சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவருமல்ல. தாமே எழுந்தார், தாமே வாதாடினார், அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். மே 13 அன்று தீர்ப்பு வந்தது: கூண்டில் நின்ற அனைவரும், அத்தனை குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை!

ஒரு திங்கள் கழிந்தது. சூன் 16 அன்று மகன் பிறந்தான். முதலில் வேறு பெயர். அடுத்த ஆண்டே அதை மாற்றி, டுபாக் அமாரு என்று வைத்தார் தாய். யார் அந்த டுபாக் அமாரு? பெரு நாட்டில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் பெரும்படை திரட்டி, 1781ல் குஸ்கோ நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட தலைவன். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே பாடம் சொல்லத் தொடங்கிவிட்டார் அந்தத் தாய்.

பெயர் இருந்தது, பிழைப்பு இல்லை. வீடு மாறி வீடு, ஊர் மாறி ஊர். பால்டிமோர் நகரக் கலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே நடிப்புப் பயின்றான், கவிதை எழுதினான், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தோய்ந்தான், பாலே நாட்டியத்தில் எலி அரசனாக வேடமிட்டான். பின்னாளில் அவனை வெறும் போக்கிரியாகத் தீட்டிய ஏடுகளுக்கு இந்த எலி அரசன் கண்ணில் படவேயில்லை! படிப்பு முடியுமுன் கலிபோர்னியாவுக்குப் பயணம். தாயைப் போதைப் பழக்கம் பற்றிக்கொண்டது. அரசை வென்றவர், அந்தப் புகையிடம் தோற்றார்.

ராப் என்பது தாளக்கட்டுக்கு இசையப் பேச்சையே பாட்டாக அடுக்கும் கலை. நியூயார்க்கின் ஏழைப் பகுதியான பிராங்ஸில், 1970களில், கறுப்பின இளைஞர்களிடம் முளைத்தது. அந்தக் கலையைக் கையில் எடுத்தான் டுபாக். ஒரு குழுவின் சுமைகளைத் தூக்கினான், மேடையில் அவர்களுக்குப் பின்னால் ஆடினான். 1991 நவம்பரில் அவனுடைய முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது: டுபாகலிப்ஸ் நவ். அதிலே ஒரு பாட்டு, நாளேட்டுச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு அவன் எழுதியது. பன்னிரண்டு வயதுச் சிறுமி தாயாகிறாள், பெற்ற சிசுவைக் குப்பையில் எறிகிறாள், பசி அவளை விற்கிறது, முடிவில் பிணமாகிறாள். நாமெல்லாம் காலையில் படித்து மாலையில் மறக்கும் நாலு வரிச் செய்தி! அதை நாடே கேட்கும்படி செய்தான் இருபது வயது இளைஞன்.

கேட்டார்களா? துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல் கேட்டார். டெக்சாஸில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் இந்தத் தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். உடனே, 1992ல், இசைத்தட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவேண்டும் என்று முழங்கினார் துணைத் தலைவர். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி?

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். மறைத்தால் அது வரலாறல்ல, துதிபாடல். கறுப்பினப் பெண்களின் துயரைப் பரிவோடு பாடிய இதே டுபாக் மீது, ஒரு பெண் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். அவன் மறுத்தான். சில குற்றச்சாட்டுகள் விழுந்தன. பாலியல் தொல்லைக் குற்றம் நிலைத்தது. தீர்ப்புக்கு முதல் நாள், 1994 நவம்பர் 30 அன்று, நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் கூட வாசலில் அவனைச் சுட்டனர். கட்டுகளோடு சக்கர நாற்காலியில் வந்தான் மன்றத்துக்கு. ஒன்றரை ஆண்டு முதல் நாலரை ஆண்டு வரை சிறை.

அவன் கம்பிக்குள் இருக்கும்போதே, 1995 மார்ச்சில், மூன்றாவது தொகுப்பு 'மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட்' வெளிவந்து விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஏறியது. அதிலேதான் 'டியர் மாமா' என்ற பாட்டு. நம் காதுக்கு மாமா என்றால் வேறு உறவு; அவர்கள் வழக்கில் அது அம்மா. போதையில் விழுந்த தாயை, அந்த விழுகையையும் ஒளிக்காமல், வறுமையில் தன்னை வளர்த்த கைகளையும் மறக்காமல் பாடிய பாட்டு.

இனித்தான் கொடுமை. முதலிடத்தில் பாட்டு, மூலையில் பாடகன்! மேல்முறையீட்டுக் காலத்தில் வெளியே வர ஜாமீன் 14 லட்சம் டாலர். அவனிடம் இல்லை. டெத் ரோ என்ற இசை நிறுவனத்தின் முதலாளி சூஜ் நைட் சிறைக்கே வந்தார். கையால் எழுதிய ஒப்பந்தம்: மூன்று தொகுப்புகள் தரவேண்டும். கையெழுத்திட்டான், 1995 அக்டோபரில் கதவு திறந்தது. தாய் தம் நாவால் வென்ற விடுதலையை, மகன் தன் நாவை அடகு வைத்து வாங்கினான்.

அடகுக்காரர் சும்மா இருப்பாரா? வெளியே வந்த நான்கே மாதத்தில் 'ஆல் ஐஸ் ஆன் மீ': இரண்டு தட்டுகள், 27 பாடல்கள். இசையில் வல்லமை இருக்கிறது. பழைய நாளேட்டுக் கண் மங்கியிருக்கிறது என்பது என் துணிபு. பணமும் பகையும் மிகுந்தன. தன்னைச் சுட்டதில், ஒருகால நண்பனான நியூயார்க் ராப் கலைஞன் நட்டோரியஸ் பிக் தரப்புக்குப் பங்குண்டு என்று நம்பினான். வசைப் பாட்டே பாடினான். மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் மூண்டது சண்டை. சண்டை சூடேறச் சூடேற, தட்டு விற்றவர்களின் கல்லாவும் நிரம்பிற்று.

1996 செப்டம்பர் 7, லாஸ் வேகாஸ். மைக் டைசனின் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டுக் காரில் போகிறான். காரை ஓட்டுபவர் அதே முதலாளி. பக்கத்தில் வந்து நின்ற காரிலிருந்து குண்டுகள். ஆறு நாள் கழித்து, 13ஆம் தேதி, உயிர் பிரிந்தது. வயது 25. அடுத்த மார்ச்சில் நட்டோரியஸ் பிக்கும் அவ்வாறே சுடப்பட்டு மாண்டான், வயது 24. டுபாக் கொலை வழக்கில் ஒருவர் கைதானது 2023ல்தான்!

போதையிலிருந்து முன்பே மீண்டிருந்த அஃபீனி அம்மையார், 1997ல் மறுபடி மன்றம் ஏறினார். இம்முறை எதிர்த்தரப்பில் அந்த இசை நிறுவனம். மகன் பதிவு செய்து வைத்திருந்த பாடல்களை வெளியிட, அமாரு என்ற பெயரிலேயே தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 2010ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாடு காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'டியர் மாமா'வைச் சேர்த்தது. ஒருகாலத்தில் குண்டு வைக்கச் சதி செய்தவள் என்று கூண்டில் ஏற்றப்பட்ட அந்தத் தாய், அதைக் காண உயிரோடிருந்தார். 2016 மே மாதம் மறைந்தார்.