கியோம் டுசேன்

கியோம் டுசேன் (செப்டம்பர் 17, 1806 - செப்டம்பர் 15, 1875) பிரான்சு நாட்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஆவார். தசைகளை மின்னோட்டத்தால் தூண்டி நோயறியவும் சிகிச்சை அளிக்கவும் முறை வகுத்தவர். டுசேன் தசைச் சிதைவு நோய் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை

பூலோன்-சுர்-மேர் துறைமுக நகரில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தார். மகனும் கடலுக்குச் செல்லவேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். டுசேனோ பாரிசில் மருத்துவம் பயின்று, 1831 இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். மகப்பேற்றுக்குப் பின் கண்ட காய்ச்சலால் மனைவி இறந்தார். பிரசவத்தின்போது உடனிருந்தவர் டுசேன் மட்டுமே என்பதால் மனைவி வீட்டார் பழியை அவர்மேல் சுமத்தினர். பிறந்த மகனையும் பிரிய நேர்ந்தது. 1842 இல் பாரிசில் குடியேறினார்.

மின் சிகிச்சை

அதற்கு முன்னர் ஊசிகளை உடலில் செருகி மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் இருந்தது. ஈரமாக்கிய மின்வாய்களைத் தோலின்மீது வைத்தாலே தனித்தனித் தசைகளைச் சுருங்கச் செய்யலாம் என டுசேன் காட்டினார். பரடேயின் மின்தூண்டல் தத்துவத்தில் இயங்கும் கருவியைச் சுமந்துகொண்டு, பதவி ஏதுமின்றி மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்றார். தம் முறையை 1855 இல் நூலாக வெளியிட்டார். புகழ்பெற்ற மருத்துவர் சார்க்கோ இவரைத் தம் ஆசானாகக் கருதினார்.

முழங்கால் இணைநார் அறுவைக்குப் பின் தொடைத்தசை மெலியாதிருக்க இயன்முறை மருத்துவர்கள் அளிக்கும் மின்தூண்டல் இவ்வழி வந்ததே. அது தசையை வலுப்படுத்துமே தவிர, அறுந்த இணைநாரை ஒட்டவைக்கும் எனக் கொள்ளலாகாது.

முகத்தசைகளைத் தூண்டி இவர் எடுப்பித்த ஒளிப்படங்கள் 1862 இல் நூலாயின. அவற்றுட் சிலவற்றை டார்வின் 1872 இல் தமது நூலில் பயன்படுத்தினார். பிரிந்திருந்த மகன் பின்னாளில் மருத்துவராகித் தந்தையுடன் பணிபுரிந்தார். ஆயினும் தந்தைக்கு முன்பே காலமானார்.