மலையருவி தீட்டிய ஓவியர்

இங்கிலாந்தில் கிங்ஸ்டன் என்னும் ஊரில் 1749 ஆம் ஆண்டு தாமஸ் டேனியல் பிறந்தார். அவர் தந்தையார் விடுதி நடத்தியவர். இளமையில் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைப் பயின்ற டேனியல், பின்னர் இலண்டன் கலைக்கழகத்தில் ஓவியம் கற்றார். இயற்கைக் காட்சிகளை வரைவதிலேயே அவர் உள்ளம் சென்றது. ஆயினும் போதிய ஆதரவு கிட்டவில்லை. எனவே 1785 இல், தம் உடன்பிறந்தார் மகனாகிய இளைஞன் வில்லியமுடன் கப்பலேறினார்.

கல்கத்தாவில் ஓவியங்களைக் குலுக்குச் சீட்டின் வாயிலாக விற்றுப் பெற்ற பொருளே அவர்தம் தென்னாட்டுப் பயணத்திற்கு வழிச்செலவாயிற்று. 1792 இல், மைசூர்ப் போர் ஓய்ந்த சின்னாளில், இருவரும் சென்னையினின்று புறப்பட்டுக் குமரிமுனை வரை சென்றனர். திருச்செந்தூருக்கு வடக்கே, புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் பொருநையாறு, பாபநாசத்தில் பாறையினின்று வீழும் அழகு அவர்களைக் கவர்ந்தது.

அவ்வோவியத்தில் கரும்பாறைகளுக்கிடையே வெள்ளருவி இறங்குகிறது. கீழே உள்ள மனிதர் மிகச் சிறியர். அச்சிறுமையே மலையின் உயரத்தை அளந்து காட்டுகிறது. பேரொலியோடு வீழும் அருவியை எழுதியும், அடங்கிய நிறங்களால் படமெங்கும் அமைதி நிலவச் செய்தார்.

1794 இல் தாயகம் திரும்பினர். 1795 முதல் 1808 வரை அவர்களுடைய 144 படங்கள் செப்புத் தகட்டு அச்சில் வெளிவந்தன. பாபநாச அருவி அவற்றுள் தஞ்சை நாட்டதென்று குறிக்கப்பட்டது. அங்கும் ஒரு பாபநாசம் இருத்தலால் நேர்ந்த பிழை போலும்! வில்லியம் 1837 இல் மறைந்தார். மணம் புரியாது வாழ்ந்த முதியவர், அவருக்குப் பின்னும் மூன்றாண்டு இருந்து, 1840 இல் காலமானார்.