துணையின்றி நின்ற குதிரை

சதுரங்கப் பலகையில் பின்னால் செல்ல இயலாத காய் சிப்பாய் மட்டுமே. தவறான இடத்துக்குப் போன ராணி திரும்பி வரலாம். குதிரையும் தாவிய கட்டத்திலிருந்து மீளலாம். அவசரப்பட்டு முன்னேறிய சிப்பாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அது விட்டுச்சென்ற பலவீனம் பெரும்பாலும் ஆட்டத்தின் இறுதிவரை நீடிக்கும். அங்கு எதிரியின் குதிரை வந்து அமர்ந்து, அதற்குப் பின்னால் ஒரு சிப்பாயும் துணை நின்றுவிட்டால், அதை விரட்டுவது எளிதன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், மாலை வேளைகளில் சதுரங்கம் பயில வரும் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை விளக்க, மீர் சுல்தான்கானின் ஆட்டம் ஒன்றையே நான் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆட்டத்தைச் சொன்னால் அவரது வாழ்க்கையையும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் மிட்டா திவானா என்ற ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் சுல்தான்கான். இளம் வயதிலேயே தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். அந்த முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம் மட்டுமே செல்லும். அரசன் ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். ஆட்டம் மெதுவாக விரியும், பொறுமைசாலிகளுக்கே வெற்றி. அந்தப் பொறுமை அவரிடம் கடைசிவரை இருந்தது.

அவரது திறமையைக் கண்டறிந்தவர் பெருநிலக்கிழாரான சர் உமர் ஹயாத்கான் திவானா. அவரது ஆதரவில் ஐரோப்பிய விதிகளைக் கற்ற சுல்தான்கான், 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வென்றார். 1929-இல் புரவலருடன் இங்கிலாந்து சென்றார். அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் அவர் வசமானது. 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். மூன்று ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடினார். 1931-இல் பிராகில் நடந்த ஒலிம்பியாடில் ரூபின்ஸ்டைன், ஃப்ளோர் போன்ற பெரும் வீரர்கள் அவரிடம் தோற்றனர்.

நான் குறிப்பிட்ட ஆட்டம் 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் நடந்தது. எதிரே அமர்ந்தவர் 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கியூபாவின் காபபிளாங்கா. வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான்கான், பன்னிரண்டாவது நகர்த்தலில் தன் குதிரையை எதிரியின் ராணிப் பக்கத்தை நோக்கிச் செலுத்தினார். அந்தக் குதிரையும் தொலைவில் நின்ற மந்திரியும் சேர்ந்து ஒரு சிப்பாயைக் குறிவைத்தன. அதைக் காக்கக் காபபிளாங்கா தன் மந்திரியைக் குறுக்கே நிறுத்தினார். குதிரை அந்த மந்திரியை வெட்டியது. கறுப்புச் சிப்பாய் குதிரையை வெட்டியது.

கணக்குப் பார்த்தால் இருவருக்கும் இழப்பு சமமே. ஆனால், காபபிளாங்காவின் இரண்டு சிப்பாய்கள் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டன. பிறகு அவர் தன் இரு யானைகளையும் கொடுத்து எதிரியின் ராணியை வென்றார். ஆயினும் அந்த வெற்றி அவருக்குப் பயன்படவில்லை. ராணி நுழையக்கூடிய வழிகளை சுல்தான்கான் ஒவ்வொன்றாக அடைத்தார். அறுபத்தைந்தாவது நகர்த்தலில் ஆட்டம் அவர் வசமானது.

1933-இன் இறுதியில் புரவலர் தாயகம் திரும்பினார். சுல்தான்கானும் உடன் திரும்பினார். 1935-இல் காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒரே ஒரு சமநிலை தவிர மற்ற அனைத்திலும் வென்றார். அதன்பின் பெரும் போட்டிகளில் அவரைக் காண முடியவில்லை. உலகின் முதல்நிலை வீரர்களுடன் சமமாக ஆடிய அவரது சர்வதேச வாழ்க்கை ஐந்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது. 1950-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. 1966-இல் சர்கோதாவில் மறைந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-இல்தான், அவர் மறைந்து 58 ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. சுல்தான்கானிடம் திறமைக்குக் குறைவில்லை. அத்திறமையைத் தாங்கும் அமைப்புதான் இல்லை. ஒரு தனிமனிதரின் ஆதரவையே நம்பியிருந்த ஆட்டம், அவர் ஊர் திரும்பியதும் நின்றது. முன்னேறிச் சென்று அமர்ந்த குதிரைக்குப் பின்னால் துணைச் சிப்பாய் இல்லாத நிலை அது.

அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றியது 1951-இல். மானுவல் ஆரோன் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனது 1961-இல். 1972-இல் சென்னையில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கு ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024-இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். சென்னையின் சாதனைக்குத் தனிமனித மேதைமையுடன் கழகங்களும் பயிற்சியாளர்களும் தொடர் போட்டிகளும் காரணம் என்பதில் ஐயமில்லை.

சிற்றூர்களின் நிலை வேறு. போட்டிக் கட்டணமும் பயணச் செலவும் பயிற்சியாளர் ஊதியமும் பெரும்பாலும் பெற்றோரின் தோளில்தான் விழுகின்றன. வசதியுள்ள ஒருவர் மனம்வைத்தால் ஒரு குழந்தை முன்னேறும். அவர் கைவிட்டால் அந்தக் குழந்தையின் ஆட்டம் நின்றுவிடும். வட்டந்தோறும் ஒரு சதுரங்கக் கூடம், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயணப்படி, ஆண்டு முழுவதும் போட்டிகள் ஆகியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. சுல்தான்கானுக்குக் கிடைக்காத அந்தத் துணையை இன்றைய குழந்தைகளுக்கேனும் தருவது அரசின் கடமை; ஊர்ப் பெரியவர்களின் கடமையும்கூட.